கடைசித் தொட்டித் தண்ணீர்

பென்னியின் கூண்டில் மீன் செத்து மிதக்கிறது என்ற செய்தி, அன்றைய மீன் ஜங்லிகாட் மார்க்கெட்டுக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது. ருக்குவிடம் அதைச் சொன்னது இட்லி வாங்க வந்த வங்காளி ஆட்டோக்காரர்.

"பாபி, பென்னி கா மச்லி... சப் கதம்" என்று இரண்டு கைகளையும் விரித்தார்.

ருக்கு இட்லித் தட்டைப் பிடித்தபடி நின்றாள். பென்னி, ஓடை கடலில் சேரும் இடத்தில் வலைக்கூண்டு கட்டி, அந்தக் கொடுவா மீன்களைக் குஞ்சு வாங்கி விட்டு வளர்த்தவன். சாளையை வாங்கி, தானே பொடிப்பொடியாக அரிந்து, காலையும் மாலையும் கூண்டுக்குள் வீசுவான். கிறிஸ்துமஸுக்குப் பிடிக்கலாம் என்று விட்டுவைத்திருந்தான். மீன் முழங்கை நீளம் வந்துவிட்டது என்று போன வாரம்தான் சொல்லிவிட்டுப் போனான்.

"எல்லாமுமா?" என்று கேட்டாள். ஆட்டோக்காரருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் கேள்வி புரிந்தது. தலையை ஆட்டினார்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அவள் கணவர் ஜம்புலிங்கம் வீடு வரும்போது மழை விட்டிருந்தது. கண் இரண்டும் சிவந்து, மூக்கு அடைத்து, ரெயின்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏங்க, பென்னியோட மீனெல்லாம்..."

"கேட்லயே சொல்லிட்டாக."

"பாவங்க அந்தப் பிள்ள. என்ன நோயோ?"

ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. ருக்கு துணி எடுத்துத் துடைக்கக் குனிந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"நோயில்லடி. நான்தான் கூடுதலா ஊத்திட்டேன்."

ஜம்புலிங்கத்துக்கு ஓடையோரக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. ஊர்ச் சாக்கடை அங்கே வந்து, தொட்டி தொட்டியாகத் தெளிந்து, கடைசித் தொட்டியில் கிருமி சாக ஹைப்போ ஊற்றப்பட்டு, ஓடை வழியாகக் கடலுக்குப் போகும். ஹைப்போ என்பது குளோரின் மருந்துதான். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கேன் கேனாகக் கப்பலில் வரும். சென்னையில் கப்பலுக்குக் காத்துக் கிடந்து, கடலில் வெந்து, இங்கே துறைமுகத்தில் தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்து, பிளாண்டுக்கு வந்து சேரும்போது காரம் பாதி செத்திருக்கும். அதனால் இந்த ஊர் ஆபரேட்டர்கள், புத்தகத்தில் எழுதியிருப்பதைப் போல இரண்டு மடங்கு ஊற்றுவார்கள். அதற்குக் 'கப்பல் அளவு' என்று பெயரே வைத்திருந்தார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

"இந்தத் தடவ கப்பல் எங்கயும் நிக்காம வந்துருச்சு. எறக்குன அன்னைக்கே லாரியில ஏத்திக் கொண்டாந்து போட்டுட்டாங்ய. காரம் அப்புடியே இருந்துருக்கு. நான் எப்பவும்போல கப்பல் அளவு ஊத்திட்டேன்."

"மோந்து பாக்கலையா நீங்க?"

"எங்கிட்டு மோந்து பாக்குறது? மூக்குதான் மூணு நாளா அடச்சுக் கெடக்கே. சோதிக்கிற சொட்டு மருந்து தீந்துபோய் எத்தனையோ நாளாச்சு, கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. விடியுறப்ப கண்ணு எரிஞ்சப்பதான் புரிஞ்சுச்சு. வால்வ மூடிட்டேன். அதுக்குள்ள வேண்டிய மட்டும் போயிருச்சு. கடல் வேற வத்தம், உள்வாங்கிக் கெடந்துச்சு. ஓடையில தண்ணியே இல்ல, போனதெல்லாம் நேரா கூண்டுக்குத்தான் போயிருக்கும்."

ருக்கு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜம்புலிங்கம் கம்பெனி காண்ட்ராக்டில் இருப்பவர். போன வருஷம் ஒரு தெலுங்குக்காரரை, மோட்டாரை எரியவிட்டதற்காக, மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் ப்ரியங்கா சென்னையில் நர்சிங் கடைசி வருஷம்.

"யார்ட்டயாச்சும் சொன்னீகளா?"

"இன்னும் இல்ல."

அப்போது போன் அடித்தது. சூப்பர்வைசர் ஹரிஹரன்.

"ஜம்பு பாய், அந்த மீன்காரப் பையன் தண்ணி டெஸ்ட் பண்ற லேபுக்குப் போய் கம்ப்ளெயிண்ட் பண்ணிட்டான். மேடம் சாம்பிள் கேக்குறாங்க. கடைசி டேங்க்ல ஒரு பாட்டில் எடுத்துக் குடுத்துருங்க. அவங்க ஆள் லீவாம். நம்ம தண்ணில ஒண்ணும் இருக்காது, டென்ஷன் ஆகாதீங்க. டீக் ஹை?"

"டீக் ஹை" என்றார் ஜம்புலிங்கம்.

அடுத்து லேபிலிருந்து உமா மகேஸ்வரி மேடமே பேசினார். அவர் எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர். "ஜம்பு அண்ணா, பாட்டில் கழுத்து வரைக்கும் நிரப்பி, காத்து போகாம மூடிருங்க. உடனே ஐஸ் பெட்டியில வச்சிடுங்க. வெயில் படக்கூடாது. நான் பெரார்கஞ்ச்ல இருக்கேன், சாயங்காலம் லேபுக்கு வந்துருவேன். உங்க கையாலயே கொண்டு வந்து குடுங்க."

ஜம்புலிங்கம் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி ஸ்கூட்டரை எடுத்தார்.

*

ருக்கு மிச்சமிருந்த இட்லியைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பென்னி வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியாது என்று அவளுக்குத் தெரியும்.

செத்த மீனைக் கரையில் குவித்திருந்தார்கள். செவுள் எல்லாம் வெளுத்து, வாய் பிளந்து கிடந்தது. நாய்கள் சுற்றி வந்தன. ஒன்றுகூட வாய் வைக்கவில்லை. பென்னி மண்வெட்டியால் குழி தோண்டிக்கொண்டிருந்தான். அவன் அப்பா அருள்நாதன், தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து இளவட்டமாக வந்து இங்கே கடலில் முடி நரைத்தவர், கவிழ்த்துப் போட்ட டோங்கிப் படகின்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். கேட்க ஆள் இருக்கிறதா என்றுகூட அவர் பார்க்கவில்லை.

"ஞானஸ்நான விருந்துக்குப் போனியள்லா, ருசியா இருந்துச்சாலே? கறி நல்லா வெந்திருந்துச்சா? இங்கன வலை பூரா பாசி அடச்சுக் கெடக்கு. மீனு மூச்சு முட்டிச் செத்திருக்கு. வலையத் தேய்க்காம வளக்குத தொழிலு எவம்ல சொல்லிக் குடுத்தான் ஒனக்கு?"

"ஒரு நாள்தானேப்பா போனேன். வந்து தேய்க்கலாம்னு..."

"ஒரு நாளு! மீனு ஒரு நாளு மூச்சு விடாம இருக்குமா? நீ இருந்து காட்டு பாப்பம்."

"மாமா, போதும் மாமா" என்றாள் பென்னியின் மனைவி ஜாக்குலின். அவளுக்கு ஏழாவது மாதம். பெரார்கஞ்சில் நடந்தது அவள் அக்கா பிள்ளையின் ஞானஸ்நானம்தான். வரமாட்டேன் என்றவனை அவள்தான் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். "நான் கூப்பிட்டதுக்கு அவுகள ஏன் வையுதிய? என்னைய வையுங்க."

"ஒன்னைய வைய நான் ஆருமா? கூண்டு வளக்கேன்னு நின்னது இவன். கடலுக்கு வால, வலை வீசுன்னா, ஐயாவுக்கு ஆகல. மாடு வளக்க மாதிரி மீன் வளக்கப் போறாராம்."

ருக்குவைப் பார்த்ததும் பென்னி மண்வெட்டியை நட்டுவிட்டு வந்தான். கண் வீங்கியிருந்தது.

"வாங்க அத்தை."

"சாப்புடு பென்னி. சூடா இருக்கு."

"எறங்காது அத்தை." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "அப்பா சொல்லுதது எனக்குப் புரியலைன்னு இல்ல. வலையில பாசி இருந்துச்சு, நெசம்தான். ஆனா பாசியில மூச்சு முட்டுன மீனு இப்படி செவுள் வெளுத்துச் சாகாது. நான் லேப்புக்குப் போயிட்டேன். தண்ணிய சோதிக்கேன்னு மேடம் சொல்லியிருக்காவ. குடுவையில பாசி வளப்பாவளாம். நல்ல தண்ணின்னா பாசி பச்சையா வளருமாம், வெசம் இருந்தா வெளுத்துப் போயிருமாம். அது வந்துருச்சுன்னா அப்பாகிட்ட காட்டிருவேன். எனக்கு அது போதும் அத்தை. மீனு போனா போகட்டும்."

"மாமா பிளாண்ட்லதான் வேலை பாக்குறாரு பென்னி" என்றாள் ருக்கு. ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மாமா என்ன செய்வாவ? வர்ற தண்ணிய விடுதாவ. சாக்கடையில எவன் என்னத்தக் கலந்தானோ" என்றான் பென்னி.

தூக்குவாளியை ஜாக்குலின் கையில் கொடுத்துவிட்டு ருக்கு திரும்பினாள். வழியெல்லாம் அந்தக் குடுவைதான் கண்ணில் நின்றது.

*

வீட்டில் ஜம்புலிங்கம் பாயில் விழுந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் தெர்மாகோல் ஐஸ் பெட்டி. உள்ளே வெள்ளை பாட்டில். ராத்திரி முழுக்க விழித்த மனிதர், வாய் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

ருக்கு பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடியைத் திருகி மோந்தாள். மூக்கில் சுரீர் என்று ஏறியது. அந்த வாடை அவளுக்குப் பழக்கமானது. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை இருக்கிற நாளில் இட்லி மாவு பொங்காது, கல்லாகக் கிடக்கும். இந்த ஊருக்கு வந்த புதிதில் எத்தனையோ மாவைக் கொட்டியிருக்கிறாள். பிறகு கற்றுக்கொண்டாள்: தண்ணீரை அகலப் பாத்திரத்தில் ஊற்றி வெயிலில் வைத்து, நாலு தடவை தூக்கி ஆற்றினால் வாடை போய்விடும். அதற்குப் பிறகு மாவு குடம் வழியப் பொங்கும்.

மாவு பொங்காத தண்ணீரில் பாசியும் வளராது. வாடை போய்விட்டால் வளரும். யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ருக்கு கொஞ்ச நேரம் தூங்குகிறவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, வடகம் காயப்போடும் அலுமினியத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். மழைக்குப் பிந்தின வெயில் சுள்ளென்று அடித்தது. பாட்டில் தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றினாள். சாக்கடைத் தண்ணீரை இப்படிச் சமையல் பாத்திரத்தில் ஊற்றுவாள் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பாள். கரண்டியால் அள்ளி அள்ளி ஆற்றினாள். குனிந்து மோந்தாள். மறுபடி ஆற்றினாள். பக்கத்து வீட்டு ராசம்மா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டபடி, "என்ன ருக்கு, வெறுந்தண்ணியக் காயப்போடுத? தண்ணியிலயே வடகமா?" என்று சிரித்தாள்.

"மாவுக்கு ஊத்த" என்றாள் ருக்கு. தலையை நிமிர்த்தவில்லை.

வாடை முற்றிலும் போனபின் பாட்டிலில் ஊற்றி, குறைந்ததற்குத் தன் பானைத் தண்ணீரை ஊற்றிக் கழுத்து வரை நிரப்பி, இறுக்கி மூடிப் பெட்டியில் வைத்தாள். ஐஸ் பெரும்பாலும் கரைந்திருந்தது.

ஜம்புலிங்கம் எழுந்து பெட்டியைத் திறந்தார். பாட்டிலை எடுத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது. பாட்டிலையும், அடுப்படி வாசலில் முதுகு காட்டி வெங்காயம் உரிக்கும் மனைவியையும் பார்த்தார். கடையில் புது ஐஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்.

லேபில் உமா மகேஸ்வரி பாட்டிலை வாங்கி, "ஐஸ்லதானே இருந்துச்சு அண்ணா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்."

*

நாலைந்து நாள் கழித்து மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். ஹரிஹரன் வந்தார், பென்னி வந்தான், ஜம்புலிங்கமும் போயாக வேண்டியிருந்தது. அருள்நாதனை எவ்வளவோ கெஞ்சி பென்னி அழைத்து வந்திருந்தான். கிழவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எதையும் தொடாமல் கையைக் கட்டி நின்றார்.

விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிக் குடுவைகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

"இது நாங்க வளர்க்கிற பாசி. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது" என்றார் மேடம். "இந்தக் குடுவையில சுத்தமான தண்ணி. இதுல பிளாண்ட் தண்ணி. குளோரின் இருக்கான்னு தனியாவும் பார்த்தேன், இல்ல. பாசியும் நல்லா வளர்ந்திருக்கு. நான் எதிர்பார்த்தது வேற. ஆனா இந்தத் தண்ணியில விஷம் இருக்குன்னு என்னால சொல்ல முடியாது."

பிளாண்ட் தண்ணீர்க் குடுவை, சுத்தமான தண்ணீர்க் குடுவையைவிட அடர்த்தியாக, இளநெல் நாற்றுப் போலப் பச்சை பிடித்திருந்தது. சாக்கடையின் சத்து அப்படி. பென்னி அதன் முன்னால் போய் நின்றான். கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"பாத்தாச்சா?" என்றார் அருள்நாதன். "கண்ணு குளுந்துச்சா? ஊரான் தண்ணியக் குத்தம் சொன்ன பயலே. இனிமே என் டோங்கியில கால வைக்காத. தண்ணிப் பக்கம் போவாத. ஒனக்கு அது ஆகாது." வேறு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

ஹரிஹரன், "சலோ, பிராப்ளம் சால்வ்" என்று ஜம்புலிங்கத்தின் தோளைத் தட்டினார்.

வாசலில் பென்னி ஜம்புலிங்கத்திடம் வந்தான். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தான். "மன்னிச்சுக்கோங்க மாமா. ஒங்க பிளாண்ட் மேல பழி போட்டுட்டேன். ஒங்க வேலைக்கு என்ன ஆகும்னு நான் ரோசிக்கவே இல்ல. என் வலைய நான் தேய்ச்சிருக்கணும்."

ஜம்புலிங்கம் தன் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அழுத்தவும் இல்லை. "வுடு பென்னி" என்றார்.

அடுத்த வாரம் பென்னி கூண்டை இழுத்துக் கரையேற்றிவிட்டு, தீவுகளின் வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்குப் போனான். அங்கே ஒரு பாக்குத் தோப்பில் வேலை. ஜாக்குலினைத் தன் அப்பா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான்.

*

ஜாக்குலின் காலையில் இட்லிக்கு வருவாள். வயிறு முன்னே வர, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறுவாள். ஒருநாள் பாத்திரத்தை நீட்டிவிட்டுச் சும்மா நின்றாள்.

"என்னம்மா, இடுப்பு வலிக்குதா?"

"இல்ல அத்தை. பிள்ள பொறக்கதுக்கு வருவியளான்னு அவுககிட்ட போன்ல கேட்டேன். 'நான் வந்து என்ன செய்ய, என் கை பட்டா எது உருப்படும்'னு சொல்லுதாவ. நெசமா அத்தை, அப்படியே சொன்னாவ. எங்க மாமனாரும் பேச மாட்டேங்காரு. ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தா, அவுக தட்டு வைக்கிற எடத்தப் பாத்துக்கிட்டே எந்திரிச்சிருதாரு. நான் விருந்துக்குப் போவணும்னு அடம் புடிச்சிருக்கக் கூடாது."

ருக்கு இட்லியை எண்ணாமல் அள்ளிப் போட்டாள். ஜாக்குலின் போனபின் அடுப்பை அணைத்தாள். அன்றைக்கு வந்தவர்களை எல்லாம் இல்லை என்று திருப்பி அனுப்பினாள்.

ஜம்புலிங்கம் வந்ததும் சொன்னாள். "ஏங்க, அந்தப் பாட்டில..."

"தெரியும்."

"எப்புடி?"

"சூடா இருந்துச்சு. ஐஸ்ல இருந்த பாட்டில் சூடாவா இருக்கும்?" அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே பேசினார். "மேடம் கேட்டாக, ஐஸ்லதானே இருந்துச்சுன்னு. ஆமான்னுட்டேன். நீ செஞ்சது பாதி, நான் செஞ்சது பாதி. இதுல எவ தப்பு எவன் தப்புன்னு பிரிச்சு என்னத்தச் செய்ய?"

"நீங்க என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா அப்பவே அழுதிருப்பேன்."

"அதான் கேக்கல" என்றார் ஜம்புலிங்கம்.

இருவரும் சேர்ந்தே லேபுக்குப் போனார்கள். உமா மகேஸ்வரி குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்படுவார் என்று ருக்கு நினைத்திருந்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தத் தண்ணி இப்ப எங்கயும் இல்ல" என்றார். "பாட்டில்ல என்ன இருக்கோ அதைத்தான் பாசி சொல்லும். நீங்க ஆத்தின தண்ணிய நல்ல தண்ணின்னு அது சரியாத்தான் சொல்லியிருக்கு. இப்ப நான் அந்த முடிவு செல்லாதுன்னு எழுதலாம். மீன் இதனாலதான் செத்துச்சுன்னு நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. உங்க வாய் வார்த்தை மட்டும்தான் இருக்கு."

"எழுதுங்க மேடம்."

"எழுதினா உங்க வேலை போயிரும் அண்ணா."

"போகட்டும்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "உங்களையே எடுத்துட்டு வரச் சொன்னது என் தப்பு. ஒரு நாள் பொறுத்து என் ஆளை அனுப்பியிருக்கணும்."

வேலை போனது. ஹரிஹரன் போனில், "க்யா ஜம்பு பாய், முடிஞ்சுபோன விஷயத்தை நீங்களே கிளறி..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அருள்நாதனிடம் ஜம்புலிங்கம் சொன்னபோது அவர் வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். திட்டவில்லை. ருக்குவுக்குத் திட்டியிருந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"அவன் சொன்னாம்லா" என்றார் கடைசியில். "செவுள் வெளுத்திருக்குன்னு சொன்னாம்லா. நானும் பாத்தேன். எத்தன வருசமா மீன் அறுக்கேன், எனக்குத் தெரியாதா? அவன் கடலுக்கு வராத கோவம் கண்ண மறச்சிட்டு."

"நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. வந்துருவான்."

"எடுக்க மாட்டேங்கான். எடுத்தாலும் நான் எந்த மூஞ்சிய வச்சுப் பேச? நீங்க போங்க. நேர்ல போயி சொல்லுங்க. பிள்ள பொறக்குமுன்ன வரச் சொல்லுங்க. டோங்கி ஒனக்குத்தான்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

*

விடியுமுன் பஸ் ஏறினார்கள். பழங்குடிகளுக்கென ஒதுக்கிய காட்டுக்குள் வண்டிகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்று போலீஸ் காவலோடு போயின. ஜன்னலைத் திறக்கக்கூடாது என்றார் கண்டக்டர். மாயாபந்தர் தாண்டியபின் வயலும் பாக்குத் தோப்புமாக வந்தது. திக்லிபூரில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது.

பென்னி களத்தில் பாக்கு காயப்போட்டுக்கொண்டிருந்தான். கருத்து, இளைத்து, தாடி விட்டிருந்தான். இவர்களைக் கண்டதும் ஓடிவந்து பையை வாங்கினான். "ஜாக்குலினுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றுதான் முதலில் கேட்டான். இல்லை என்றதும் பெஞ்சைத் தட்டி உட்கார வைத்து, தோப்புக்கார அம்மாவிடம் கேட்டு டீ வாங்கி வந்தான்.

"இவ்வளவு தூரம் எதுக்கு மாமா? போன் பண்ணியிருக்கலாம்லா."

ஜம்புலிங்கம் டீயைத் தொடாமல் சொல்ல ஆரம்பித்தார். கப்பல் வேகமாக வந்தது, கப்பல் அளவு ஊற்றியது, மூக்கடைப்பு, வால்வு. பென்னி தலையைக் குனிந்து கேட்டான். நடுவில் ருக்கு பிடுங்கிக்கொண்டு, தாம்பாளத்தில் ஊற்றியது, ஆற்றியது, பானைத் தண்ணீரைக் கலந்தது எல்லாம் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

"மேடமும் எழுதிட்டாக பென்னி. அந்தச் சோதனை செல்லாதுன்னு" என்றார் ஜம்புலிங்கம்.

"போன் பண்ணுனாவ. சந்தேகம் இருக்குன்னு சொன்னாவ." பென்னி ருக்குவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "அழாதீங்க அத்தை. எனக்குப் புரியுது."

"என்ன புரியுது?"

"ஜாக்குலின் ஒங்ககிட்ட வந்து அழுதிருப்பா. ஒங்களுக்கு மனசு கேக்கல. அதுக்காவ மாமா வேலையையே விட்டுட்டாவ. இப்படி ஒரு பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டியளே."

"டேய், பழி இல்லடா, நெசம்" என்றார் ஜம்புலிங்கம். குரல் உயர்ந்தது. "என் கையால ஊத்துனேன்டா!"

"மாமா, அந்தக் குடுவைய நான் பாத்தேன்லா." பென்னி மெதுவாகப் பேசினான், குழந்தைக்குச் சொல்வதுபோல. "எவ்வளவு பச்சை! அப்படி ஒரு பச்சைய நான் பாத்ததே இல்ல. தண்ணின்னா அதுதான் தண்ணி. வலையையும் பாத்தேன். என் கட்டைவெரல் கனத்துக்குப் பாசி. சனிக்கெழம தேய்க்கணும்னு இருந்தேன். தேய்க்காம சட்டையப் போட்டுக்கிட்டுப் போனேன். அது எனக்குத் தெரியும்லா. ஆரு வந்து என்ன சொன்னாலும் அது இல்லைன்னு ஆயிருமா?"

"செவுள் வெளுத்திருந்துச்சுன்னு நீதானே சொன்ன?" ருக்கு அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்கிட்டச் சொன்னியேடா, அன்னைக்கு!"

"தப்புச் செஞ்சவன் அப்படித்தான் எதையாச்சும் புடிச்சுக்கிட்டுத் தொங்குவான் அத்தை."

தோப்புக்குள் யாரோ தெலுங்கில் பென்னியைக் கூப்பிட்டார்கள். "ஆத்தா ஹூ" என்று, வருவதாக இந்தியில் குரல் கொடுத்தான். களத்தில் பாக்கை மூட தார்ப்பாயை இழுக்கத் தொடங்கினான்; மேகம் கறுத்து வந்தது. ஜம்புலிங்கம் எழுந்து மறு முனையைப் பிடித்தார். இருவருமாக மூடினார்கள்.

"அப்பா வரச் சொன்னாருடா. டோங்கி ஒனக்குத்தான்னு சொல்லச் சொன்னாரு."

பென்னியின் கை தார்ப்பாயில் நின்றது. "அப்பாகிட்டயும் சொல்லிட்டியளா இதெல்லாம்?"

"சொல்லிட்டோம்."

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். இத்தனை நாளாக எடுக்காத நம்பரை அவனே அழுத்தினான். அந்தப் பக்கம் மணி ஒன்று அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். அருள்நாதன் பேசும் குரல், அல்லது அழும் குரல், தெளிவில்லாமல் வெளியே வரைக்கும் கேட்டது. பென்னி பொறுமையாகக் கேட்டான்.

"ஆமாப்பா, வந்திருக்காவ. சொன்னாவ... இல்லப்பா, வரல. இங்கயே இருக்கேன். அவளப் பாத்துக்கோங்க."

முதல் தூறல் தார்ப்பாயில் விழுந்தது. அவன் இவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டான்.

"அவங்க மேல கோவப்படாதீங்கப்பா. நல்லவங்க. எனக்காவப் பொய் சொல்லுதாவ."